எங்கள் அண்ணனுக்கு இரண்டு முறை காரியம் செய்தோம்

இந்த நினைவு மலரை வாங்கி, முன்பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அண்ணனின் ஒரே தங்கை வணக்கம் சொல்லி எழுதுகிறேன். படத்தில் அண்ணன் முகத்தை உர்ரென்று வைத்திருப்பதைக் கண்டு யாரும் ஏமாற வேண்டாம். அது பென்ஷன் புத்தகத்துக்கு எடுத்த படம். சிரிக்காமல் இருங்கள் என்று படம் பிடிக்கிறவர் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்ததாம்.

அண்ணன் மறைந்து ஓராண்டு முடிகிறது. மலரில் யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, நான் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். படிக்கிறவர்கள் மூக்கைச் சிந்துகிற மாதிரி எழுதாதே என்று அண்ணி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நான் எழுதப்போவது என்ன என்று அண்ணியிடம் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

அண்ணனுக்கு இரண்டு முறை காரியம் நடந்தது மூத்தவர்களுக்கெல்லாம் தெரியும். இரண்டு காரியத்திலும் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். முதல் காரியத்தைச் செய்துவிடுங்கள் என்று கேட்ட வாய் என்னுடையது. இது எங்கள் அப்பாவான நைனாவுக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், வெளியே யாருக்கும் தெரியாது. அண்ணனுக்குத் தெரியுமா, தெரிந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்ற கேள்விதான் பதினைந்து வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது. இப்போது அரிப்பதில்லை. அந்த நிம்மதியில்தான் இதை எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் மணல் திட்டில் எங்கள் குப்பம். அங்கேதான் அண்ணன் பிறந்தார். எங்கள் அம்மா காலமானபோது எனக்கு ஐந்து வயது, அண்ணனுக்குப் பதினாறு. நைனா விடிவதற்கு முன்பே வலைக்குப் போய்விடுவார். எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டது அண்ணன்தான். வலை பின்னிப் பழகிய கை ஆதலால் சடை கோணாது, ஆனால் மண்டை விண்விண்ணென்று தெறிக்கும் அளவுக்கு இழுத்துப் பின்னுவார். படகேறிப் பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பெண்பிள்ளை எதற்குப் போக வேண்டும் என்று கேட்டவர்களிடமெல்லாம் அண்ணன் சண்டை பிடித்தார். நான் எட்டாவது வரை படித்ததும், இன்று பால்வாடியில் ஆயாவாக இல்லாமல் டீச்சராக இருப்பதும் அந்தச் சண்டைகளால்தான்.

அண்ணன் ராணுவத்தில் சேர்ந்த கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். வலைக்கு நூல் வாங்கி வா என்று நைனா அவரைப் பட்டணத்துக்கு அனுப்பினார். போன இடத்தில் ஆள் எடுக்கிற வரிசையைப் பார்த்து, எதற்கு நிற்கிறார்கள் என்று விசாரிக்கப் போய், அண்ணனும் நின்றுவிட்டார். மார்பளவு எடுத்தார்கள், ஓடச் சொன்னார்கள், சேர்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் நைனா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் வாயைத் திறந்து, நூல் எங்கே என்று கேட்டார்.

ராணுவத்தில் பாலம் கட்டுகிற, பாதை போடுகிற பிரிவில் அண்ணனைப் போட்டார்கள். கயிறும் முடிச்சும் அவருக்குப் பிறவியிலேயே வந்தவை. ஆற்றுக்குக் குறுக்கே கயிறு இழுத்துக் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அவரோடு இருந்தவர்கள் இரண்டாவது காரியத்துக்கு வந்தபோது சொன்னார்கள். வருடத்துக்கு ஒரு முறை விடுமுறையில் வருவார். அப்படி ஒரு விடுமுறையில் அண்ணியைக் கட்டிக்கொண்டார். இரண்டு வருடம் கழித்துப் பெண் பிறந்தாள். குழந்தைக்குத் தகப்பன் முகம் தெரிய வேண்டும் என்று, தன் படத்தைத் தொட்டிலுக்கு நேராகச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். வீட்டுக்கு வராத மாதங்களிலும் யாருக்குச் சளி, யாருக்குக் காய்ச்சல், வீட்டுக்கூரை மாற்றியாயிற்றா என்று எல்லாவற்றையும் கடிதத்தில் கேட்பார். பக்கத்தில் இருக்கிற ஆம்பிளைகளே இவ்வளவு கேட்பதில்லை என்று எங்கள் தெருப் பெண்களுக்கு அண்ணி மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

சீனப் போர் வந்த வருடம், போருக்கு முன்னால் கோடையில் வந்தபோதுதான் எனக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்தார். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம். நல்ல மனிதர் என்று அண்ணன் சொன்னார். அதில் தவறில்லை, இந்த மலருக்காகப் பொன்னேரி அச்சகத்துக்கு இத்தனை தடவை நடந்த மனிதர் அவர்தான். தை மாதம் கல்யாணம், அதற்கு லீவு எழுதிவிட்டு வந்துவிடுவேன் என்று அண்ணன் கிளம்பினார்.

ஐப்பசியில் சண்டை மூண்டது. கார்த்திகையோடு கடிதம் நின்றது. மார்கழியில் ராணுவத்திலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. நைனா அதைப் படகில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் காட்டினார். கார்த்திகையில் நடந்த சண்டைக்குப் பிறகு உங்கள் மகனைக் காணவில்லை, தகவல் கிடைத்தால் தெரிவிக்கிறோம் என்று அதில் எழுதியிருந்தது. இறந்துவிட்டார் என்று அதில் ஓர் எழுத்து கிடையாது. வாத்தியார் அதையும் சொல்லித்தான் அனுப்பினார்.

ஆனால் எங்கள் குப்பத்தில் காணாமல் போவது என்றால் கடலில் போவதுதான். கட்டுமரம் திரும்பாவிட்டால் போன நாளிலிருந்து மூன்று அமாவாசை பார்ப்போம். அதற்குள் ஆளும் வரவில்லை, உடலும் கரை ஒதுங்கவில்லை என்றால், வைக்கோலில் உருவம் கட்டி, போனவரின் துணியை அதற்கு உடுத்திக் கரையிலேயே காரியத்தை முடித்துவிடுவோம். வாசலைப் பார்த்துப் பார்த்தே ஒரு குடும்பம் அழிந்துவிடக் கூடாது என்று முன்னோர் வைத்த வழக்கம் அது. எங்கள் பெரியவர்கள் செய்த தப்பு, கடலுக்கு வைத்த கணக்கை மலைக்கும் போட்டதுதான். அவர்களில் யாரும் மலையைப் பார்த்ததில்லை. கடிதத்தில் இருந்த தேதியிலிருந்து எண்ணினார்கள். மூன்றாவது அமாவாசை தை அமாவாசையாக அமைந்தது.

ஊர்த் தலைவரான நாட்டார் வீட்டுக்கு வந்து மெதுவாகப் பேச்சை எடுத்தபோது, அண்ணி அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார்.

"கடல்ல போனாத்தான் மூணு அமாவாச. அவரு போனது மலைக்கு. மலைக்கு எத்தினி அமாவாசன்னு உங்கள்ல யாருக்குத் தெரியும்?"

நாட்டார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நைனாவும் பிடிகொடுக்காமல் இருந்தார். இப்படியே தள்ளிப்போயிருக்கும். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத வீட்டில் பந்தல் போட முடியாது. அவர் வரட்டும், இல்லை காரியம் முடியட்டும், காரியம் முடிந்து ஒரு மாதம் போனால் மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ முகூர்த்தம் வைக்கலாம், இரண்டும் இல்லையென்றால் நாங்கள் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்று மாப்பிள்ளையின் தாயார் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. என்னோடு விளையாடியவர்கள் எல்லாம் இடுப்பில் பிள்ளையோடு திரிந்தார்கள். பயந்துவிட்டேன் என்பது உண்மை. பயம் மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை, எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது. நைனா முற்றத்தில் வலையைப் பரப்பி வைத்துக்கொண்டு தைக்காமலே உட்கார்ந்திருந்தார். நான் போய்ச் சொன்னேன்.

"காரியத்த முடிச்சுடு நைனா. எத்தினி நாளிக்கு இப்டியே குந்திக்கினு இருப்ப?"

நைனா என்னை நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர்க் குடத்தோடு அண்ணி வாசலில் நின்றிருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன். அண்ணி குடத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தார். பிறகு எந்த நாளிலும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

தை அமாவாசையன்று கரையில் வைக்கோல் உருவம் கட்டினார்கள். அண்ணன் வீட்டில் விட்டுப்போயிருந்த வேட்டியையும் நீலச் சட்டையையும் அதற்கு உடுத்தினார்கள். அண்ணியை அழைத்துவரப் போன பெண்களிடம், அவர் மீன்கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டே பேசினாராம்.

"நீங்க செய்யறத செய்ங்க. எனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாவுது."

படகேறிப் பழவேற்காட்டுக்குப் போய், பஸ் பிடித்துப் பொன்னேரி மார்க்கெட்டில் என்றைக்கும் போல மீன் விற்றார். இங்கே நாங்கள் காரியத்தை முடித்துக் குளித்துவிட்டு வந்தோம். தாலியை இறக்க வேண்டும் என்று நான்கு கிழவிகள் படகுத்துறையில் காத்திருந்தார்கள். அண்ணி காலிக் கூடையோடு, நெற்றியில் பொட்டும் தலையில் பொன்னேரியில் வாங்கிய மல்லிகையுமாகப் படகிலிருந்து இறங்கி, கிழவிகளுக்கு வழி விட்டு ஒதுங்கி, வீட்டுக்கு வந்து உலை வைத்தார். யாருக்கும் கிட்டே போகத் தைரியம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, மாசிக் கடைசியில் என் கல்யாணம். ஊர்க் கணக்குப்படி அண்ணி முன்னால் வந்து நிற்கக் கூடாது. மாப்பிள்ளையின் தாயார் அதைச் சொல்லியும் அனுப்பியிருந்தார். ஊரையே எதிர்த்து நின்றவர் அன்றைக்கு மட்டும் வாதாடவில்லை. எல்லா வேலையையும் செய்துவிட்டு, தாலி கட்டுகிற நேரத்தில் சமையல் பந்தலுக்குள் போய் நின்றுகொண்டார். அது எனக்காகச் செய்தது.

வைகாசியில் அண்ணன் வந்துவிட்டார்.

சீனாக்காரரிடம் பிடிபட்டுப் பல மாதம் காவலில் இருந்து விடுதலையாகி, பனியில் இடது கால் விரல் இரண்டைப் பறிகொடுத்து, பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி, பெண்டாட்டி மார்க்கெட்டில் இருக்கும் நேரம் என்று கணக்குப் போட்டு நேரே அங்கே போயிருக்கிறார். அண்ணி அவரைப் பார்த்தார். கூச்சல் போடவில்லை, ஓடிவந்து விழவும் இல்லை.

"ரெண்டு கூறு மீதி இருக்குது. வித்துட்டு வந்துடறேன், அந்தாண்ட குந்திக்கினு இருய்யா" என்றாராம்.

அந்த இரண்டு கூறை என்ன விலைக்குக் கொடுத்தேன், யாரிடம் கொடுத்தேன் என்று தெரியாது என்பார் அண்ணி. வாங்கியவர் சும்மா எடுத்துப் போனாலும் போயிருப்பார்.

இருவரும் படகில் வந்தார்கள். எங்கள் துறையில் அண்ணன் கால் வைக்கும் முன் ஊரே கூடிவிட்டது. சந்தோஷம் ஒரு பக்கம், திகில் ஒரு பக்கம். காரியம் முடிந்தவர் அப்படியே ஊருக்குள் நுழைந்தால் ஆகாது என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்கள் கரையில் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு முடியும்வரை அண்ணன் முழங்கால் தண்ணீரில் துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றார். அண்ணியும் கரையேற மாட்டேன் என்று காலிக் கூடையோடு பக்கத்தில் நின்றார். ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சீனாக்காரன்கூட என்னை இத்தனை நேரம் நிற்கவைக்கவில்லை என்று அண்ணன் சொன்னதும்தான் கரையில் சிரிப்பு வந்ததாம். நைனா மட்டும் யாரையும் கேட்காமல் தண்ணீரில் இறங்கிப் போய் மகனைக் கட்டிக்கொண்டார்.

நாட்டார் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். செத்தவர் ஊருக்குள் வரக் கூடாது, பிறந்தவர் வரலாம். ஆகவே மறுநாள் காலையில் அண்ணன் மறுபடி பிறக்க வேண்டும். மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, பிறந்த பிள்ளையைப் போல முறத்தில் இட்டு, காதில் பெயர் சொல்லி, அதன்பின் அண்ணிக்குத் தாலி கட்ட வேண்டும். ஏரியில் வலை போடுவதற்கு எங்கள் ஊரில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று முறை உண்டு, அதைப் பாடு என்போம். அண்ணனின் பாட்டைக் காரியத்தோடு நீக்கியிருந்தார்கள். கல்யாணமானவனுக்குத்தான் பாடு என்பதால் தாலி கட்டியதும் அதுவும் திரும்பக் கிடைக்கும் என்று தீர்ப்பானது.

பிறந்த பிள்ளைக்குப் பெயர் சொல்ல வேண்டியது அத்தை. எங்களுக்கு அத்தை இல்லை, காலமாகிவிட்டிருந்தார். அப்படியானால் உடன்பிறந்தவள் சொல்லட்டும் என்று என் புகுந்த வீட்டுக்கு ஆள் வந்தது. செய்தியைக் கேட்டு என் மாமியார் கைகூப்பி அழுதார். எனக்கோ அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதியில் ஒரு மூச்சு, அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயத்தில் ஒரு மூச்சு. வழியெல்லாம் இப்படியே வந்தேன்.

ஆறடி மனிதர் முறத்தில் அடங்குவாரா? இரண்டு காலையும் முறத்துக்குள் வைத்து, மணையில் உட்கார வைத்திருந்தார்கள். மஞ்சள் தண்ணீர் தலையிலிருந்து சொட்டுகிறது. மூன்று வயது மகள் அவர் முதுகைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், சுவரில் இருந்த படம் எழுந்து வந்த ஆச்சரியம் அவளுக்கு. என்னைக் கண்டதும் அண்ணன், புருஷன் வீட்டில் சோறு ஒழுங்காகப் போடுகிறார்களா, இளைத்துவிட்டாயே என்றார். எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்த அவர் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டார்.

நாட்டார் ஒரு பெயரைச் சொல்லி, காதில் மூன்று முறை சொல்லம்மா என்றார். குனிந்தேன். பெயர் வாயில் வரவில்லை. மன்னிச்சுடுண்ணே, மன்னிச்சுடுண்ணே, மன்னிச்சுடுண்ணே என்று மூன்று முறை சொல்லிவிட்டு நிமிர்ந்துவிட்டேன். கூட்டத்துக்குக் கேட்கவில்லை. என்ன பெயர், எல்லாரும் கேட்கச் சத்தமாகச் சொல் என்றார்கள். நான் திருதிருவென்று விழித்தேன். அண்ணன் என் தலையில் கை வைத்து, கூட்டத்தைப் பார்த்தார்.

"கேட்டுது கேட்டுது. நல்ல பேருதான்" என்று சொல்லி, எங்கள் அம்மன் பெயரோடு சேர்த்து வாய்க்கு வந்த ஒரு பெயரை அவரே சத்தமாகச் சொன்னார்.

எல்லோரும் குலவையிட்டார்கள். அந்தப் பெயரை அதற்குப் பிறகு யாரும் கூப்பிட்டது கிடையாது. காலையில் பிறந்து, பத்து மணிக்குப் பெயர் வாங்கி, பன்னிரண்டு மணிக்குக் கல்யாணம் செய்து, சாயங்காலம் ஏரியில் பாடும் வாங்கிய ஆள் இந்த ஜில்லாவிலேயே தான் ஒருவன்தான் என்று அண்ணன் பெருமையடிப்பார். புதிதாக யாராவது வீட்டுக்கு வந்தால் அண்ணியைக் காட்டி, இவள் என் இரண்டாம் தாரம் என்பார். முதல் தாரம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள், ஜாக்கிரதை என்பார் அண்ணி. காவலில் இருந்தபோது அண்ணன் எழுதிய கடிதம் அவர் வந்து இருபது நாள் கழித்து வந்தது. தபால்காரர் அதை அவர் கையிலேயே கொடுக்க, நான் நலமாக இருக்கிறேன் என்று அவரே எங்களுக்குப் படித்துக் காட்டினார்.

அந்த வருடம் அவர் திரும்பவும் ராணுவத்துக்குப் போனார். அடுத்து மேற்கு எல்லையில் போர் வந்தபோது, இந்த முறை எவனாவது அமாவாசை எண்ணினால் என்னிடம் பேசிக்கொள்ளட்டும் என்று அண்ணி முன்கூட்டியே ஊரில் சொல்லிவைத்தார். யாரும் எண்ணவில்லை. அண்ணன் பென்ஷனோடு வீடு வந்து சேர்ந்தார். மறுபிறப்புக்குப் பின் பிறந்த மகனும் அப்போது ஓடியாடுகிற வயதில் இருந்தான்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் வயல்காட்டில் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் எழும்பிய சமயம் அது. அதில் ஒன்றில் அண்ணன் காவல் தலைவராகச் சேர்ந்தார். படகு, பஸ், ரயில் என்று மூன்று மாறி, எட்டு விரலோடு தினமும் போய் வருவார். அங்கேயே அறை எடுத்துத் தங்கலாமே என்றால், பிள்ளைகளைப் பிரிந்து இருந்தது போதும் என்பார். எங்கள் பக்கத்து இளைஞர்கள் எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்து, அங்கே வேலைக்குக் கூட்டிப் போனார். மனு எழுதத் தெரியாத வீடுகளின் விதவைப் பென்ஷனுக்கும் ரேஷன் கார்டுக்கும் பொன்னேரி ஆபீஸ் படிகளை அவர் ஏறியது எனக்குத் தெரியும்.

ஆனால் ஊருக்கு அவர் செய்த பெரிய காரியம் வேறு. ஓர் ஐப்பசிப் புயலில் அண்ணன் தம்பி இருவர் போன கட்டுமரம் திரும்பவில்லை. வழக்கப்படி ஊர் கூடியது. அண்ணன் எழுந்து, எனக்குப் போட்ட கணக்குத் தப்பாகப் போனது உங்களுக்கே தெரியும், தேடிப் பார்க்காமல் எண்ண ஆரம்பிக்காதீர்கள் என்றார். யார் போய்த் தேடுவது என்று கேட்டார்கள். லீவு போட்டுவிட்டு அவரே போனார். அந்த மாதங்களில் நீரோட்டம் வடக்கே தள்ளும் என்று சிலரும் தெற்கே என்று சிலரும் சொல்ல, தெற்கே வேறு ஆட்களை அனுப்பிவிட்டு, அவர் ஆந்திரக் கரையோரம் குப்பம் குப்பமாக நடந்தார். ராணுவத்தில் கற்ற தெலுங்கு கைகொடுத்தது. ஒன்பதாம் நாள் அந்த இரண்டு பேரையும் ரயிலில் கும்மிடிப்பூண்டியில் கொண்டுவந்து இறக்கினார். ஏதோ ஒரு குப்பத்தில் கஞ்சி குடித்துக்கொண்டு, கையில் டப்பு இல்லாமல், ஊருக்கு வழி தெரியாமல் கிடந்திருக்கிறார்கள். மூத்தவரின் மனைவி அண்ணன் காலில் விழப் போக, என் காலில் விரல் குறைச்சல், அந்த அளவுக்குப் புண்ணியம் வராது, அண்ணியின் காலில் விழு என்றாராம்.

அதிலிருந்து எங்கள் ஊரில் தேடிவிட்டுத்தான் எண்ணுவது என்று ஆனது. ஆளில்லாமல் அண்ணன் திரும்பியதும் உண்டு. அப்போதெல்லாம் வேறு யாரையும் அனுப்பாமல் அந்த வீட்டுக்கு அவரே போய்ச் சொல்லி, அவர்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு வருவார்.

மலைக் குளிர் அவர் நெஞ்சுக்குள் எங்கோ தங்கிவிட்டது. கடைசி இரண்டு வருடம் இருமல் விடவில்லை. பொன்னேரி ஆஸ்பத்திரியில் சில வாரம் இருந்தார். பிறகு வீட்டுக்குப் போகலாம் என்று அவரே சொன்னார். மகள், மகன், பேத்தி, அண்ணி, நான், என் வீட்டுக்காரர் என்று எல்லோரும் சுற்றியிருக்க, பகல் வெளிச்சத்தில், வலியில்லாமல் அவர் மூச்சு அடங்கியது. அண்ணன் எங்கே, என்ன ஆனார் என்று இந்த முறை யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. அழுதோம், நிறையவே அழுதோம். ஆனால் நெஞ்சு ஆறி அழுதோம்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட பொன்னேரி டாக்டருக்கும் நர்சம்மாக்களுக்கும், எந்த நேரம் கூப்பிட்டாலும் படகு எடுத்த எங்கள் துறை ஆட்களுக்கும், தொழிற்சாலைத் தோழர்களுக்கும், வடக்கே எங்கிருந்தெல்லாமோ ரயிலேறி வந்து பாடைக்குத் தோள் கொடுத்த பழைய ராணுவ நண்பர்களுக்கும், கண் தெரியாத வயதிலும் கைத்தடியோடு வந்து முன்னால் நின்ற நாட்டார் ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும். அண்ணிக்கு நன்றி சொன்னால் திட்டுவார், அதனால் விட்டுவிடுகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

அண்ணன் போவதற்குப் பத்து நாள் முன்பு, மத்தியான நேரம். அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தார். நானும் அண்ணனும் மட்டும் இருந்தோம். இனியும் சொல்லாமல் விட்டால் சொல்லவே முடியாது என்று தோன்றிவிட்டது. உனக்குக் காரியம் செய்யச் சொன்னது நான்தான் அண்ணே, என் கல்யாணம் நின்றுவிடும் என்று நான்தான் நைனாவிடம் கேட்டேன் என்று அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன். அவர் தோள் குலுங்கியது. இருமலாக இருக்கும் என்று நிமிர்ந்தால், சிரித்துக்கொண்டிருந்தார்.

"அங்க காலண்டர் ஏது? ஜன்னல்ல நிலாவப் பாத்துத்தான் நாளு எண்ணுவேன். ரெண்டு அமாவாச போச்சு. நைனா எப்டியும் காரியத்துக்கு ஒத்துக்குவாரு, உங்க அண்ணிதான் வுடமாட்டா, உன் கல்யாணம் நின்னுடுமேன்னு எனுக்கு ஒரே பேஜாரு. மூணாவது அமாவாசையும் தாண்டிச்சு. சரி, ஊர்ல நமக்குக் காரியத்த முடிச்சிருப்பாங்க, தங்கச்சிக்கு இனிமே தட இல்லன்னு நெனச்சிக்கினேன். அங்க இருந்த நாள்லயே அன்னிக்கு ஒரு நாளுதான் நல்லாத் தூங்கினேன்."

அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அத்தனை வருடத்தில் என் கல்யாணத்தைப் பற்றி அவர் எதிரில் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் வாய்க்குப் பயந்து மற்றவர்களும் பேசியதில்லை.

"உன் கல்யாணத்துல இன்னா இன்னா நடந்துச்சுன்னு எனுக்கு யாருமே முழுசா சொல்லல. இப்ப சொல்லு" என்றார்.

சொன்னேன். பந்தல் போட்டதிலிருந்து ஆரம்பித்து, அண்ணி மருந்தோடு வந்து வாசலில் நின்று கேட்க ஆரம்பித்த பிறகும், சாயங்காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.